வால்வுக்காரி

துரொன்ஹெய்முக்கு வெளியே, கடல் நிலத்துக்குள் நுழைந்த இடுக்கில்
எரிப்பதற்கென்றே கட்டிய கூடம் ஒன்று இருக்கிறது.
சன்னல் இல்லை. சுவரெல்லாம் போன வருஷத்துக் கரி.
அங்கே என் வேலை ஒரு சிவப்புக் கைப்பிடி.
புரோப்பேன் வரும் குழாயைத் திறப்பேன், மூடுவேன்.
பெயர் ரன்வெய்க். சம்பளச் சீட்டில் நீளமாய் ஏதோ பதவி;
கூடத்தில் எல்லோருக்கும் நான் வால்வுக்காரி.

இன்று கப்பல் கம்பெனியிலிருந்து நாலு பேர்.
கண்ணாடிக்குப் பின்னால் புதுத் தலைக்கவசத்தோடு நிற்கிறார்கள்,
தெரியாத வீட்டுக்குச் சாப்பிட வந்தவர்கள்போல்.

முதல் தீ பெரியது.
எஞ்சின் அறை மாதிரியின் நடுவே
இரண்டு ஆள் உயரம் எழுந்து கூரையை நக்கியது.
ஹல்வோர் விரலை உயர்த்தினான். நான் எண்ணத் தொடங்கினேன்.

மேலே ஊசித் துளைகளிலிருந்து
தண்ணீர் தண்ணீராக விழவில்லை.
நூறு பார் அழுத்தத்தில் நொறுங்கி, மாவாய், வெண்மையாய்;
ஒரு துளி ஒரு தலைமுடியின் பருமன்கூட இல்லை.
என் கன்னத்தில் காய்ந்த சூடு
யாரோ கதவைச் சாத்தினாற்போல் சட்டென்று நின்றது.

தீயை அடிக்கிற எண்ணமே அந்தத் தண்ணீருக்கு இல்லை.
அது அணைத்தே அணைக்கும் ரகம்.
எரிவதற்குத் தீ காற்றை இழுக்கிறதே,
அந்த இழுப்பிலேயே ஏறி உள்ளே போகிறது,
போனதும் மறைகிறது.
மறைவதற்கு விலை வெப்பம். கொடுப்பது தீ.
ஆவியான துளி ஆயிரத்து எழுநூறு மடங்கு இடம் கேட்கும்;
அங்கே இருந்த ஆக்சிஜன் எழுந்து வழிவிட வேண்டும்.

முதல் நொடியில் தீ குறையவில்லை, விரிந்தது,
கலங்கிய காற்றைக் குடித்து.
நால்வரில் ஒருவர் பின்வாங்கினார்.
மூன்று. நாலு. மஞ்சள் வெளுத்தது.
ஏழு. சுடர் துளையை விட்டு எழும்பித் தத்தளித்தது.
ஒன்பது.
இல்லை.

கைதட்டினார்கள்.
நான் கேட்டுக்கொண்டிருந்தது வேறு:
உஸ்ஸ் என்று
தீ போனதே தெரியாமல் வந்துகொண்டிருக்கும் வாயு.
எரிகிற வாயு தான் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொள்ளும்.
எரியாத வாயு தரையோடு தரையாய் நடக்கும்,
எங்கோ ஒரு பொறியைத் தேடி.
கைப்பிடியைத் திருகினேன்.
அந்த உஸ் நின்றபோதுதான் என் கணக்கில் தீ அணைந்தது.

மதியம் ரொட்டி, பழுப்புப் பாலாடைக்கட்டி.
பிறகு சிறு தீ.
ஒரு சாண்தான், தடித்த குழாய்க்குப் பின்னால், வளைவில்.
“இதற்கா இத்தனை தண்ணீர்?”
சிரித்தார் பின்வாங்கியவர்.

ஒரு நிமிடம். கூடம் முழுக்க வெள்ளை.
இரண்டு.
பெரிய தீ தன் சூட்டாலேயே
தன்னைக் கொல்லும் ஆவியைச் சமைத்துக்கொண்டது.
சின்னதற்கு அவ்வளவு வரும்படி இல்லை.
எதையும் பெரிதாய் இழுக்கவில்லை, யாரையும் உள்ளே அழைக்கவில்லை,
குழாயின் மறைவில் நீலமாய்க் குடித்தனம் நடத்தியது.
நாலு. ஆறு. தொட்டி தீர்ந்தது.
ஹல்வோர் என்னைப் பார்த்தான். மூடினேன்.
பசியால் போயிற்று அது, தண்ணீரால் அல்ல.

அறிக்கையில் ஹல்வோர் எழுதினான்: அணையவில்லை.
அந்த வரியைக் கொஞ்சம் மாற்றலாமா என்று கேட்டார் சிரித்தவர்.
முடியாது என்றேன்.
அவர் என்னைக் கேட்கவில்லை.

மாலை, என் படகில்.
கடல்மேல் மூடுபனி இறங்கிப்
பக்கத்துப் படகின் விளக்கையும் விழுங்கியிருந்தது.
காப்பிக்குச் சின்ன சிலிண்டர் அடுப்பைப் பற்றவைத்தேன்.
முழங்கால் அருகே நீலச் சுடர்,
சுற்றிலும் உலகத்து ஈரமெல்லாம்.
பார்வைக்குத்தான் இத்தனை அடர்த்தி;
நிறுத்தால் ஒரு கனமீட்டருக்கு அரை கிராம் தேறாது.
சுடர் அதைச் சட்டையே செய்யவில்லை.

பொங்கியது. குமிழை மூடினேன்.
மூடியும் கோப்பையை எடுக்காமல்
கொஞ்ச நேரம் சிலிண்டர் பக்கம் காதைச் சாய்த்திருந்தேன்.